ஒரு சாண் வளரும் வரை

பெனி மெல்லால்,
26 ஏப்ரல் 1998

அன்புள்ள மிலூத் அவர்களுக்கு,

துரியாவின் ஸலாம். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், வேலை முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் ஹிபாவும் சுகமாக இருக்கிறோம்.

பக்ரீத் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் பங்கு இறைச்சியை இந்த வருடமும் உப்புப் போட்டு மொட்டை மாடிக் கொடியில் காயவைத்து எடுத்தேன். போன வருடத்தது ஜாடியில் அப்படியே இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடத்து இறைச்சியை ஒரே அலமாரியில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பரவாயில்லை. மலை உச்சியில் இன்னும் பனி தெரிகிறது. ஹிபா கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. முதலாவது யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். அதில் அவள் உங்கள் மகள்தான்.

இனி, எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அக்கா கல்தூம் சந்தையிலிருந்து நேராக இங்கே வந்தார். சர்க்கரைக் கூம்பு சுற்றிவரும் நீலத் தாளில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். தாளில் ஊசியால் குத்திய துளைகள். சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பச்சோந்திக் குஞ்சு. வாலோடு சேர்த்து நாலு விரல் நீளம் இருக்கும். கரிய நிறம். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொன்று அக்காவைப் பார்த்தது.

எதற்கென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் வளர்ந்தவர் நீங்கள். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதிப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கே தெரிகிறது. "கரியில போடு. வெடிச்சா இன்னொருத்தி இருக்கா. உருகி வழிஞ்சா அவன் உன்னோடவன்தான். அஞ்சு நிமிஷ வேலைடி. மூணு வருஷமா நீ வாசல பாத்துட்டு உக்காந்திருக்கியே, அதவிட இது லேசு" என்றார்.

அவர் தம்பியைப் பற்றி அவரே இப்படிப் பேசலாமா என்று கேட்டேன். "தம்பிங்கறதாலதான் பேசறேன். பால்பல் முளைச்ச காலத்துலேர்ந்து அவன எனக்குத் தெரியும். பொய் சொன்னா தரையப் பாப்பான். ஃபோன்ல அவன் எங்க பாக்கறான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் இது" என்று பொட்டலத்தைத் தட்டிக் காட்டினார்.

பக்ரீத்துக்கு இத்தாலியிலிருந்து, உங்கள் டூரினிலிருந்தே, ஊருக்கு வந்த ஒருவர் உங்களை அங்கே சந்தையில் பார்த்தாராம். உங்கள் கையில் தக்காளிப் பை. பக்கத்தில் ஒரு பெண், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் பெயரை அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தெருவில் ஒரே உயரத்தில் எத்தனையோ ஆண்கள் நடக்கிறார்கள். அப்படித்தான் அக்காவிடமும் சொன்னேன். அவர் சிரித்தார்.

நான் பள்ளியில் இயற்கை அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். ரபாத்தில் நாலு வருடம் படித்தவள். இந்தக் கதையை வகுப்பிலேயே சொல்லிப் பெண்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அந்தத் தாளைப் பிரித்ததும், கரியடுப்பு மாடியில் எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒரு நிமிடம் நான் யோசித்தேன்.

பிறகு, லல்லா என்று வழக்கமான மரியாதையோடே, வாயில் வந்த சாக்கைச் சொன்னேன். "ரொம்பச் சின்னதா இருக்கே லல்லா. இத்துனூண்டு உயிர் என்ன பதில் சொல்லும்?" விளையாட்டாகச் சொன்னதை அக்கா நிஜமாக எடுத்துக்கொண்டார். மறுபடியும் சந்தைக்குப் போய் அதை விற்ற நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். ஒரு சாண் வளர்ந்தால்தான் பேசும், அதற்கு முன் போட்டால் வீண் என்று அவர் சொன்னாராம். "சரி, நீயே வளத்து வை. ஆகஸ்டுக்குள்ள ஒரு சாண் வந்துரும். அவன் வர்ற மாசம்தானே, வந்தா" என்றார்.

இப்போது அது குளிர்பெட்டி மேல் ஆலிவ் ஜாடிக்குள் இருக்கிறது. ஹிபாவிடம், ஈ பிடிப்பதற்காக அத்தை கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கிறேன். பெயர் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் வருவீர்கள் என்று ஹிபா நாள்காட்டியில் கோடு போடத் தொடங்கிவிட்டாள்.

என்றும் உங்கள்,
துரியா


பெனி மெல்லால்,
31 மே 1998

அன்புள்ள மிலூத் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் குரலைப் போன வெள்ளிக்கிழமை கேட்டதில் ஹிபாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷம். எனக்கும்தான். தட்டில் கூஸ்கூஸ் ஆறிப்போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

என் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றீர்கள். அக்காவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தீர்கள். அவ்வளவுதான். சரி.

பச்சோந்தியைப் பற்றி எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைப் பேச முடியவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஒரு பச்சோந்தியை எப்படி உயிரோடு வைத்திருப்பதென்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதன் நாக்கின் நீளம் தெரியும், கால்விரல்கள் எப்படிப் பிரிந்திருக்கும் என்று கரும்பலகையில் வரைவேன். அதற்குத் தாகம் எடுத்தால் என்ன செய்யும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

முதல் தவறு அந்த ஜாடி. கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, வேறொன்று வந்துவிட்டதென்று நினைத்து, வாயைத் திறந்து சீறிச் சீறிக் கறுத்துப்போனது. ஜாடியும் வெயிலில் அடுப்பு மாதிரிச் சுட்டது. மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. எடுத்துச் சமையலறை ஜன்னலில் இருக்கும் புதினாத் தொட்டியில் விட்டேன். நடுவில் ஒரு காய்ந்த ஆலிவ் கிளையை நட்டுவைத்தேன். அது ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி யோசித்து, கிளையைப் பிடித்தது. ஓடிப்போகவில்லை. அவ்வளவு அவசரமே அதற்கு இல்லை.

இரண்டாம் தவறு தண்ணீர். சிறு தட்டில் ஊற்றிவைத்தேன். அது தட்டின் விளிம்பிலேயே நின்றுகொண்டு குடிக்காமல் இருந்தது. ஐந்தாம் நாள் கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. தோல் சுருங்கி, ஹிபா மடித்துவைத்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. சாகப்போகிறது என்று நினைத்தேன். நல்லது, என் கையால் நெருப்பில் போட வேண்டியதில்லை என்றும் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன்.

அன்று மாலை டீக்காக ஹிபா புதினா பறித்தாள். தொட்டியிலேயே தண்ணீர் தெளித்து இலையைக் கழுவினாள், சோம்பேறித்தனம். இலை நுனியில் துளிகள் தொங்கின. அது ஒவ்வொரு துளியாகப் போய்ப் போய் வாயில் வாங்கிக்கொண்டது. "ம்மா, குடிக்குது! இங்க பாரேன், குடிக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்கள். தட்டில் அசையாமல் கிடக்கும் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியவில்லை. அசைந்தால், விழுந்தால்தான் தெரிகிறது.

இப்போது ஒரு பழைய தக்காளி டப்பாவின் அடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, தொட்டிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக இலையில் விழுகிறது. சாப்பாட்டுக்கு ஈ, சிறு வெட்டுக்கிளி. அதன் இரண்டு கண்களுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது என்று நானே கண்டுபிடித்தேன். ஒருமுறை தொண்டையில் மாட்டிக்கொண்டது. கையில் எடுத்துக் கொஞ்சவும் கூடாது, அதற்குப் பயம் வந்துவிடுகிறது. ஹிபா வெட்டுக்கிளி பிடிப்பதில் தேர்ந்துவிட்டாள். ஒரு பெயரும் வைத்துவிட்டாள். புதினாவில் குடியிருப்பதால் புதினாவுக்கு அரபியில் உள்ள பெயரையே வைத்து "நானா" என்கிறாள். கூடாது என்று சொன்னேனே என்றேன். "நீ சொன்ன அப்பறம்தான் வெச்சேன்" என்றாள்.

நேற்று அளந்தேன். ஆறு விரல்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை நீங்கள் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசுவதாகச் சொன்னீர்கள். ஹிபா தன் மதிப்பெண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அவள் காதோடு காது வைத்திருந்தேன். உங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு குழாயைத் திறந்தார்கள். பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. பிறகு மூடினார்கள். நீங்கள் பேச்சை நிறுத்தவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசினீர்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமாகத் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் அல்லவா, அந்தச் சத்தம் எங்கிருந்தாலும் என் காதில் பட்டுவிடுகிறது.

வெயில் தொடங்கிவிட்டது. அங்கே எப்படி?

உங்கள்,
துரியா


பெனி மெல்லால்,
12 ஜூலை 1998

அன்புள்ள மிலூத்,

ஸலாம். பள்ளி மூடிவிட்டார்கள். உலகக்கோப்பையில் நம்மவர்கள் மூன்று கோல் போட்டு ஜெயித்தும் வெளியேறிய அன்று இந்தத் தெருவில் பெரியவர்களான ஆண்களே அழுததைப் பார்த்தேன். நீங்களும் எங்கேயோ ஒரு கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஜெயித்தவர்கள் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஹிபா கேட்டாள். வேறொரு மைதானத்தில் வேறு யாரோ ஆடியதால் என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஜூனில் நானாவின் முன்னங்கால்கள் வளையத் தொடங்கின. கிளையில் நிற்கும்போது நடுங்கியது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும், அந்தச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள வெயிலும் வேண்டும். இது பாடத்தில் இருக்கிறது, நானே வருடாவருடம் சொல்லிக்கொடுப்பது, ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது என்று எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று. முட்டை ஓட்டை வறுத்து, அம்மியில் மாவாகப் பொடித்து, வெட்டுக்கிளிகளை அதில் புரட்டிக் கொடுக்கிறேன். காலையில் தொட்டியை மாடிக்குத் தூக்கிப்போய் இரண்டு மணி நேரம் வைக்கிறேன். பாதி நிழல், பாதி வெயில். கால்கள் முழுக்க நேராகவில்லை. ஆனால் நடுக்கம் நின்றுவிட்டது. இடது காலில் கொஞ்சம் வளைவு நிரந்தரமாக இருக்கும். என் தவறு அதன் உடம்பில் நின்றுவிட்டது.

ஒன்று கவனித்தேன். ஒளிந்துகொள்வதற்காக நிறம் மாற்றும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அப்படி இல்லை. குளிர்ந்தால் கறுக்கிறது. பயந்தால் புள்ளி விழுகிறது. வயிறு நிறைந்து வெயிலில் இருந்தால் இளம்பச்சை. தூங்கும்போது வெளுக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் இருக்க அதற்குத் தெரியாது. அக்கா உங்களைப் "பச்சோந்திப் பய" என்று திட்டும்போது, அது சரியான வார்த்தை இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா போன வாரம் அளக்க வந்தார். கையை விரித்துக்கொண்டு கிளைப் பக்கம் போனார். நானா உடனே வாலைச் சுருட்டிக்கொண்டது. அக்கா காத்திருந்தார். அது இன்னும் இறுக்கிச் சுருட்டியது. "பாருடி, என்ன கள்ளத்தனம்! ஏய், வால நீட்டு! தையக்காரன் முன்னாடி வயித்த எக்கற கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது பாரு" என்றார். ஹிபா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கண்ணளவில் எட்டு விரல் என்று அவரே முடிவுசெய்தார்.

ஹிபா வெளியே போனதும் நான் அவரிடம் கேட்டேன். நெருப்பில் போட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று. டீத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

தன் கணவர் புவஸ்ஸா அத்தானை அக்கா வீட்டைவிட்டு அனுப்பியது குடிப்பழக்கத்தால் என்றுதானே நம் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அது இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அக்காவும் ஒரு பச்சோந்தி வாங்கினார். "ஒரு வாரம் வெச்சிருந்தேன். பாவம் வாயில்லாத உயிர், பட்டினியா அனுப்பக் கூடாதுன்னு ஈ புடிச்சுப் போட்டேன், தேன் நக்க வெச்சேன். குண்டாயிருச்சு. வியாழக்கெழம கரியில போட்டேன். வெடி மாதிரி வெடிச்சுதுடி. சாம்பல் என் கண்ணுக்குள்ள தெறிச்சுச்சு." அன்றைக்கே அத்தானின் துணிகளை வாசலில் எடுத்து வைத்தார். அவர் சத்தியம் செய்தார். அக்கா கதவைத் திறக்கவில்லை.

காஸாபிளாங்காவில் ஒரு வண்டிப் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்து அவர் இறந்தது உங்களுக்குத் தெரியும். சாமான்களை எடுத்துவரப் போனவர் சொன்னாராம்: ஒரு பாய், ஒரு டீக் கெண்டி, ஒரே ஒரு தம்ளர்.

"ஒரு தம்ளர்தான் இருந்துச்சாம்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தி இருந்திருந்தா ரெண்டு இருக்கும்ல?" அப்புறம் அவரே பதிலும் சொன்னார். "ஒளிச்சு வெச்சிருப்பான். கெட்டிக்காரன்."

மிலூத், அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எந்த உயிரும் தோலுக்குள் கட்டிய தண்ணீர்தான். நன்றாகத் தின்று, நன்றாகக் குடித்து, வயிறு புடைத்த ஒன்றைத் தணலில் போட்டால் உள்ளே ஆவி சேர்ந்து அது வெடிக்கும். கடையில் வாரக்கணக்கில் காய்ந்துகிடந்தது சுருண்டு உருகிப்போகும். இதற்கு மேல் அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் பதில் என் கையில் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு வாரம் அந்தத் தக்காளி டப்பாவில் நான் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், நீங்கள் எனக்கு உண்மையானவர். நான் இப்போது பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டால், உங்களுக்கு இன்னொருத்தி இருக்கிறாள்.

அக்கா இரக்கப்பட்டுத் தேன் கொடுத்திருக்கிறார். அதனால் அது வெடித்திருக்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆகஸ்டில் வந்துவிடுங்கள். வந்துவிட்டால் எதற்கும் தேவையிருக்காது.

துரியா


பெனி மெல்லால்,
30 ஆகஸ்ட் 1998

மிலூத்,

ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

மாதம் முழுக்க வண்டிகள் வந்தன. கூரையில் சைக்கிள், மெத்தை, குளிர்பெட்டி எல்லாம் கட்டிக்கொண்டு, தூசி படிந்த இத்தாலி எண்பலகையோடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஹிபா மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்தினாள். நாள்காட்டியில் கோடு போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டி கிடைத்தது. சிவப்புச் சப்பாத்து மிக அழகாக இருக்கிறது. ஆனால் அது ஏழு வயதுக் காலுக்கு. ஹிபாவுக்குப் பத்து. நீங்கள் கடைசியாகப் பார்த்த கால் உங்கள் நினைவில் அப்படியே நின்றுவிட்டது போலிருக்கிறது. அவள் விரல்களை மடக்கிப் போட்டுப் பார்த்தாள். பிறகு பெட்டியில் திரும்ப வைத்து, "பாபா கேட்டா, சரியா இருக்குன்னு சொல்லிடும்மா" என்றாள்.

இருபதாம் தேதி கல்தூம் அக்கா வந்தார். அன்று மாலை வெயில் தாழ்ந்திருந்தது. கரி அவரே கொண்டுவந்திருந்தார். மாடியில் அடுப்பைப் பற்றவைத்து விசிறினார். தொட்டியும் டப்பாவும் இப்போது மாடியிலேயே இருக்கின்றன. நானா ஒரு சாண் ஆகிவிட்டிருந்தது. வாலைச் சுருட்டினாலும் மறைக்க முடியாத அளவுக்கு. வளைந்த காலோடுதான், ஆனால் நல்ல பருமனாக, தளிர்ப் பச்சையில்.

தண்ணீரை நான் நிறுத்தவில்லை. ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன். அன்று மதியம் அது காலி டப்பாவுக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. போய் ஊற்றிவிட்டேன்.

ஹிபாவைக் கீழே போகச் சொன்னேன். போகவில்லை. அவளுக்கு எப்போதோ எல்லாம் தெரிந்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பேசியதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. "அத்தை, நானா வெடிச்சா பாபா வரமாட்டாரா?" என்றாள். அக்கா விசிறுவதை நிறுத்தினார். "உருகினா வருவாரா?" அக்கா கரியைக் கிளறினார். "ரெண்டுலயும் நானா செத்துரும். ரெண்டுலயும் பாபா இங்க இல்ல. அப்ப எதுக்கு?" என்றாள். அழவில்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

"இந்தக் குட்டிக்கு யாருடி இவ்ளோ வாய் குடுத்தது" என்று அக்கா என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே கிளைப் பக்கம் கையை நீட்டினார். நான் தடுக்க எழுந்தேன். அதற்குள் நானா கிளையை விட்டு, ஒரு காலை எடுத்து வைத்து, ஆடி நின்று, இன்னொரு காலை எடுத்து வைத்து, தானாகவே அவருடைய ஜல்லாபா அங்கியின் கையில் ஏறிவிட்டது. ஒன்றும் அறியாத உயிர். துணி அதற்கு இன்னொரு கிளை.

அக்கா உதறினார். அது விடவில்லை. ஐந்து விரலையும் இரண்டும் மூன்றுமாகச் சேர்த்து இடுக்கி போலப் பிடித்துக்கொண்டது. "எடுடி இத. ஐய, கெட்டியா புடிச்சிருக்கு. எடேன்!" என்றார். அந்தச் சத்தத்தில் அதன் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்தது. "கத்தாதீங்க லல்லா, பயப்படுது. அசையாம இருங்க, தானா எறங்கிரும்" என்றேன்.

அவர் அசையாமல் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தணல் சிவந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்து, அவர் முழங்கையிலேயே அது மறுபடி பச்சையானது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"துரியா, நீ படிச்சவ. அன்னிக்கு அது ஏன் வெடிச்சுச்சு?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடத்து நம்பிக்கை மிலூத். ஒரு வார்த்தையில் அதை நான் இடித்துவிடலாம். அல்லது அதன் மேலேயே அவரை உட்கார வைத்துவிடலாம். "எனக்குத் தெரியல லல்லா" என்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "பொய் சொல்ற. நீயும் என் தம்பி மாதிரியே தரையப் பாக்குற" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை. நானா இறங்கித் தொட்டிக்குப் போன பிறகு எழுந்து போய்க் கெண்டியில் தண்ணீர் எடுத்துவந்து அந்தத் தணல் மேல் வைத்தார். "கரிய வீணாக்க வேணாம்" என்றார். ஹிபா புதினா பறித்தாள். தம்ளர் மூன்று கொண்டுவந்தேன். இன்னொன்று எடுத்துவரச் சொன்னார். நான்கிலும் ஊற்றினார். நான்காவதை யாரும் தொடவில்லை, ஆறும்வரை அது அவர் பக்கத்திலேயே இருந்தது.

இப்போது வாரம் இருமுறை வருகிறார். நீலத் தாள் பொட்டலத்தில் துளை போட்டு வெட்டுக்கிளி கொண்டுவருகிறார். பெரிதாகப் பிடித்துவந்து என்னிடம் திட்டு வாங்குகிறார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஆகவே மிலூத், நான் நெருப்பிடம் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். உங்களிடம் கேட்கிறேன். ஃபோனில் வேண்டாம், ஹிபாவின் காது பக்கத்தில் இருக்கும். உங்கள் கையால் எழுதுங்கள். இருக்கிறாள் என்றால் இருக்கிறாள் என்று எழுதுங்கள். இல்லை என்றால், ஏன் மூன்று ஆகஸ்ட் என்று எழுதுங்கள். ஒரு குழந்தையும் இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள். ஹிபாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் நான் வெடிக்க மாட்டேன், உருகவும் மாட்டேன். இங்கே பள்ளி திறக்கிறது, எனக்கு வேலை இருக்கிறது, மாடியில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. உண்மையைத் தெரிந்துகொண்டு இதையெல்லாம் செய்ய விரும்புகிறேன், அவ்வளவுதான்.

ஹிபாவின் காலளவை ஒரு தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத வரவில்லை என்றால் அந்தத் தாளை மட்டுமாவது திருப்பி அனுப்புங்கள். இருக்கிறாள் என்று நான் புரிந்துகொள்வேன்.

இறைவன் உங்களை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும். நீங்கள் பேசும்போது யாரோ திறந்து மூடினார்களே, அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும்.

ஹிபாவின் அம்மா,
துரியா